வடிகால் கரையில் புல்: கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலை செய்து தெரிந்துகொண்டவை

கடலூரிலும் புதுச்சேரியிலும் குடியிருப்பு நகர்களுக்கு மழைநீர் வடிகால், சுற்றுச்சுவர், தோட்டம் போன்ற சிறு பணிகளைச் செய்து தருவது என் தொழில். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்லும். மண் வாய்க்காலின் கரை சரிந்துவிட்டது, சரிந்த மண் வாய்க்காலை அடைத்துவிட்டது, தண்ணீர் தெருவுக்குள் ஏறிவிட்டது. இதற்கு எல்லாரும் எதிர்பார்க்கும் மருந்து கான்கிரீட் வடிகால். அது வேண்டிய இடங்கள் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு ஊர்களிலும் இருக்கும் மண் கரைகள் அனைத்துக்கும் கான்கிரீட் போடும் அளவுக்கு எந்த உள்ளாட்சியிடமும் பணம் இல்லை. போட்டாலும் தண்ணீர் தரைக்குள் இறங்காமல் விரைந்து ஓடி, பள்ளத்தில் இருக்கும் அடுத்த நகரின் தலையில் விழும். அதனால் சில ஆண்டுகளாக, கரைகளில் புல்லை ஒரு கட்டுமானமாகவே எண்ணி நட்டு வருகிறேன். நட்டவற்றில் நின்றவையும் உண்டு, போனவையும் உண்டு. போன இடங்களில் வெள்ளம் கொண்டுபோனது குறைவு. களை என்று நினைத்து மனிதர்கள் வழித்துப் போட்டதே அதிகம். இந்தக் கட்டுரையில் நடும் முறையைப் பற்றி எழுதுவதோடு, நட்ட புல்லை நகரத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் அதே அளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் மண். புதுச்சேரியில் லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கமெல்லாம் செம்மண் மேடு. மேட்டில் பெய்யும் மழை கீழ்நோக்கி ஓடி, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தேங்குவது ஊரறிந்த கதை. இந்தச் செம்மண் கோடையில் கடப்பாரை இறங்காத அளவுக்கு இறுகிக் கிடக்கும். முதல் கனமழையில் மேற்பரப்பு கரைந்து, ஒரு விரல் அகலத்தில் தொடங்கும் ஓடை சில ஆண்டுகளில் ஆள் இறங்கும் ஓடையாகிவிடும். ஆரோவில் மேட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பாகூர் ஏரிப் பாசனப் பகுதியில் நிலைமை வேறு: களிமண், கோடையில் வெடிப்பு, மழையில் நீர் இறங்காத சேறு. கடலூரில் தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே கடலோரம் முழுவதும் மணல்; தண்ணீர் உடனே இறங்கிவிடும், ஆனால் கரை என்று எதையும் நிற்க வைப்பது கடினம். ஒரே புல்லை மூன்று மண்ணிலும் ஒரே விதமாக நடச் சொல்லும் ஆலோசனையை நான் நம்புவதில்லை.

எந்த இடத்திலும் வேலை தொடங்குமுன் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பார்ப்பேன். ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காத மண்ணில், தண்ணீரைத் தேக்கி உறிஞ்ச விடும் புல் பள்ளம் அமைப்பது கொசுவுக்குத் தொட்டி கட்டிக் கொடுப்பதாகவே முடியும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்; ஆகவே புல் பள்ளத்தில் தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. களிமண்ணில் புல்லுக்குக் கரையைப் பிடிக்கும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, தண்ணீரைக் கடத்தும் வேலையை வாய்க்காலுக்கே விட்டுவிட வேண்டும்.

கரையைப் பிடிக்க நான் முதலில் நாடுவது வெட்டிவேர். கடலூர்க்காரர்களுக்கு இது புதிய பயிரல்ல. நொச்சிக்காடு போன்ற கடலோர ஊர்களின் மணல் நிலத்தில் வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்; நம் வீடுகளில் கோடையில் மண்பானைத் தண்ணீரில் போடும் வேர்முடிச்சும், கோயிலுக்குப் போகும் வெட்டிவேர் மாலையும் இங்கிருந்தும் போகின்றன. உலகின் பல நாடுகளில் மண் அரிப்பைத் தடுக்க நடப்படும் வெட்டிவேர், மரபணு அளவில் தென்னிந்திய வகையைச் சேர்ந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஃபிஜித் தீவில் 1950களிலேயே கரும்பு நிலங்களில் இதை வரிசையாக நட்டு மண்ணைக் காத்தார்கள். 1980களில் உலக வங்கியின் வேளாண் அலுவலர்களான ரிச்சர்ட் கிரிம்ஷாவும் ஜான் கிரீன்ஃபீல்டும் இந்தியாவில் அதே முறையைப் பரப்ப முயன்றனர். பிறகு தாய்லாந்தும் வியட்நாமும் நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதைப் பெரிய அளவில் நட்டன. மடகாஸ்கரில் 2000ஆம் ஆண்டுப் புயல்களில் சேதமடைந்த மலைப்பாதை ரயில் தடத்தின் சரிவுகளைக் காக்கவும் இதுவே பயன்பட்டது. நம் கடலோரத்துப் புல்லை அவர்கள் எல்லாம் கட்டுமானப் பொருளாக்கிவிட்டார்கள். நாம் இன்னும் பானைக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

இதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே 3 மீட்டருக்கு மேல் போகும்; இறுகிய செம்மண்ணில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இந்த வேரின் சராசரி இழுவிசைத் திறன் சுமார் 75 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள். சாதாரண இரும்புக் கம்பியின் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. "வீட்டு அஸ்திவாரத்தை உடைத்துவிடாதா?" என்று எல்லா நகர்களிலும் கேட்பார்கள். அரசும் ஆலும் செய்வதை இது செய்யாது. மெல்லிய நார்வேர், தடித்துச் சுவரைத் தள்ளும் வலு அதற்குக் கிடையாது. நம் தென்னிந்திய வகை முளைக்கும் விதையைத் தருவதில்லை, ஓடுதண்டும் விடுவதில்லை. ஆகவே நட்ட வரிசையை விட்டு அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சண்டை மூட்டாது.

நாற்றை நொச்சிக்காட்டுப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் வாங்குவது வழக்கம். வேர் தோண்டும் பருவத்தில் போனால், மணலிலிருந்து தூரை முழுதாகப் புரட்டி எடுத்து, வேரைத் தனியாக அறுத்து, மேல்தூரை மறுநடவுக்கு வைத்திருப்பார்கள். தூரைப் பிரித்துக் கொடுக்கும் அம்மா முதல் முறையே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். "தம்பி, நடுத்தூரு கெழடு, அது வேணாம். ஓரமா வந்திருக்கு பாரு வெள்ளக் கணுவோட, அதப் பிரிச்சு எடு. ஒண்ணு ஒண்ணாப் பிரிக்காத, ரெண்டு மூணு சேத்து வெச்சாதான் புடிக்கும்." சொல்லிக்கொண்டே அரிவாளால் இலையை ஒரு சாண் விட்டு அறுத்து, வேரை நாலு விரல் நீளத்துக்குக் கத்தரித்து, நனைந்த சாக்கில் அடுக்கினார். காய்ந்த கிழட்டுத் தாளையெல்லாம் அவர் உரித்துப் போட்டபோது அடியில் வெளிறிய பச்சையில், சுண்டுவிரல் பருமனில் தண்டு தெரிந்தது; அதை நகத்தால் கீறிப் பார்த்து ஈரம் இருந்தால்தான் சாக்குக்குள் போனது, இல்லாவிட்டால் ஓரத்தில் குவியல். இப்போதும் எந்த நாற்றங்காலில் வாங்கினாலும் அந்த நகக்கீறல் சோதனையைச் செய்யாமல் நான் பணம் கொடுப்பதில்லை.

காலம்தான் இந்த வேலையில் பாதி. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது புல்லுக்கும் பொருந்தும். நகர்களில் பெரும்பாலும் கரை சரிந்த பிறகு, கார்த்திகையில் கொட்டும் மழையில் கூப்பிட்டு, நட முடியுமா என்று கேட்பார்கள். அப்போது நட்டால் வேர் இறங்குமுன் நாற்று வாய்க்காலோடு போய்விடும். சித்திரை வைகாசியில் நாற்றைப் பாலித்தீன் பையில் வைத்து நிழல்வலைக்கு வெளியே, முழு வெயிலில் வளர்க்க வேண்டும். ஆடியில் கரைக்குக் கொண்டுபோனால், ஆடி ஆவணி மாலைநேர இடிமழையும் நாம் ஊற்றும் தண்ணீருமாகச் சேர்ந்து புரட்டாசிக்குள் புல் ஊன்றிவிடும். வேரைக் கழுவி நேரடியாக நடும் நாற்று மலிவு. ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத நகர்ப்புறக் கரையில் பை நாற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாவதில்லை. முதல் ஆறு வாரம் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்று பெயர் முடிவாகாத இடத்தில் நான் குழியே எடுப்பதில்லை.

நடும் வரிசை சமமட்டத்தில் ஓட வேண்டும் என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. கண் மதிப்பு இதில் ஏமாற்றும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை வைத்துக் கரையில் ஒரே உயரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று வீதம் நட்டால், மீட்டருக்கு ஏழு முதல் பத்து நாற்று பிடிக்கும். சரிவின் செங்குத்து உயரத்தில் ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு வரிசை. செம்மண் மேட்டில் இன்னும் நெருக்கமாக. வரிசை எங்காவது தாழ்ந்தால் தண்ணீர் முழுவதும் அந்தத் தாழ்வைத் தேடி வந்து அங்கேயே உடைத்துக்கொண்டு போகும். இரண்டு நாற்று செத்த இடைவெளியும் அதே வேலையைச் செய்யும். ஆகவே நட்டு நான்கு வாரத்தில் வரிசை முழுக்க நடந்து பார்த்து, செத்த இடங்களை நிரப்ப, மொத்த நாற்றில் பத்தில் ஒரு பங்கையாவது பையிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில்தான் வரிசை இடைவெளியில்லாமல் கூடும். அதற்குமுன் புல் வேலை செய்யவில்லை என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

கூடிய வரிசை என்ன செய்கிறது என்பதை மழை விட்டவுடன் குனிந்து பார்த்தால் தெரியும். வரிசையின் மேல்பக்கத்தில் வேப்பிலைச் சருகு, ஷாம்பூ உறை, தெர்மாகோல் துண்டு, பொடிமணல் எல்லாம் விரல் உயரத்துக்கு ஒரு வரப்பாகப் படிந்திருக்கும். விறைத்து நிற்கும் தாள்களுக்கு இடையே தண்ணீர் சீப்பில் வாரியதுபோலப் பிரிந்து, வேகம் இழந்து, வரிசையின் முழு நீளத்திலும் பரவலாகக் கசியும். மேலே செங்காவியாக வந்த நீர் கீழே கொஞ்சம் வெளுத்துத் தெரியும். அடுத்த மழையில் அந்த மண்வரப்பு இன்னும் உயரும். வெட்டிவேர் புதைந்த கணுவிலிருந்து மீண்டும் வேர்விட்டு, வரப்போடு சேர்ந்து தானும் உயரும். லாஸ்பேட்டைப் பக்கத்து ஒரு சரிவில் இப்படிப் படிந்த மண்ணே இப்போது இரண்டு படிக்கட்டு போல நிற்கிறது; யாரும் வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டவில்லை.

இனி, புல்லால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் நகரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த மழையில் கூடியிருந்த வெட்டிவேர் வரிசைகள் இடுப்பளவு நீரில் மூழ்கி, வடிந்த பிறகு சேற்றைப் பூசிக்கொண்டு நின்றன. சில நாட்களில் புதுத்தளிர் விட்டன. ஆனால் வாய்க்காலின் அடிக்கால் கல் கட்டாமல் விடப்பட்டிருந்த இடங்களில், நீரோட்டம் கீழிருந்து மண்ணைக் குடைந்து எடுத்ததும், மேலே புல் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் கரை புல்லோடு சேர்ந்து ஒரே பாளமாக விழுந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. அந்த அளவு ஆற்று வெள்ளத்துக்கு முன்னால் புல்லைப் பற்றிப் பேசுவது பொறுப்பில்லாத பேச்சு. நகருக்குள் இருக்கும் கிளை வாய்க்கால், குளக்கரை, சாலையோரச் சரிவு, பள்ளிக்கூட மைதானத்தின் விளிம்பு ஆகியவையே புல்லின் களம். அங்கேயும் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் அடுக்கி, அதற்கு மேல் புல் என்ற கலப்பு முறையையே நான் இப்போது பரிந்துரைக்கிறேன். முழுச் சரிவுக்கும் கல் கட்டுவதைவிட அது கணிசமாக மலிவு.

வாய்க்காலின் படுகையில் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் வெட்டிவேரை நடக் கூடாது. மண்ணைப் பிடிக்கும் அதே குணம் அங்கே பிளாஸ்டிக்கைப் பிடித்து அணை கட்டிவிடும். ஏற்கெனவே ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக் கிடக்கும் வாய்க்காலுக்கு நாம் வேறு உதவ வேண்டாம்.

இப்போது மனிதர்களுக்கு வருகிறேன். பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில், வாய்க்கால்களைத் தூர்வாரும் பணி நடக்கும். வேலை நல்ல வேலைதான். ஆனால் ஜேசிபியின் வாளி படுகையில் உள்ள சேற்றை எடுப்பதோடு நிற்காமல், இரண்டு கரைகளையும் சவரம் செய்ததுபோல் வழித்துவிட்டுப் போகும். மழை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது கரையை அம்மணமாக்கினால், முதல் மழையிலேயே அந்த மண் மறுபடி படுகைக்கு வந்து சேரும். எடுத்த தூர் திரும்பி வந்துவிடும். ஒரு நகரில் இரண்டு ஆண்டு வளர்ந்த வரிசை இப்படி ஒரு முற்பகலில் போனது. வண்டி ஓட்டிய இளைஞரிடம் கேட்டேன். "அண்ணே, எனக்குச் சொன்னது இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் சுத்தமா வழிக்கணும்னுதான். கரையில புல்லு தெரிஞ்சா மொதலாளிக்கு பில்லு பாஸ் ஆகாது" என்றார். அவர் மீது கோபப்பட எனக்கு இடமில்லை. சுத்தம் என்பதைப் பச்சையே இல்லாத மண்ணாக வரையறுத்த காகிதம் வேறெங்கோ இருக்கிறது.

அந்தக் காகிதத்தில்தான் புல் ஏற வேண்டும். அரசுப் பணியில் அளவுப் புத்தகத்தில், அதாவது எல்லாரும் எம்-புக் என்று சொல்லும் ஏட்டில், பதிவாவது மட்டுமே பணியாகவும் சொத்தாகவும் கருதப்படும். கான்கிரீட்டுக்கு நீளம், அகலம், உயரம் உண்டு. கல் கட்டுக்குக் கன அளவு உண்டு. நாமே நன்கொடை வசூலித்து நட்ட புல்லுக்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. ஆகவே அது களை. இதைப் புரிந்துகொண்ட பிறகு, நடுவதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்துக்குக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுக்கச் செய்கிறேன். எந்தத் தெருவிலிருந்து எந்தப் பாலம் வரை, எந்தப் பக்கக் கரையில், எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எத்தனை வரிசை என்று கட்டுமானத்தை அளப்பதுபோலவே அளந்து, கைவரைபடமும் புகைப்படமும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிவைக்க வேண்டும். கரையில் இருபது மீட்டருக்கு ஒரு கல் ஊன்றி வெள்ளையும் சிவப்பும் பூசினால், அது என்னவென்று தெரியாவிட்டாலும் அரசாங்கக் கல் என்ற மரியாதை அதற்குக் கிடைக்கிறது. தூர்வாரும் ஒப்பந்தம் முடிவாகும் முன், ஆடி மாதத்திலேயே, அந்தக் கடிதத்தின் நகலோடு மறுபடி ஒரு முறை போய் நினைவூட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு போனால் அலுவலர் நல்லவராக இருந்தாலும் அவரால் செய்ய முடிவது குறைவு.

வாளி வரும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் கரையில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வாய்க்கால்களில் இயந்திரம் ஒரு கரையில் நின்றுதான் வேலை செய்யும். எந்தக் கரையில் நிற்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு, எதிர்க்கரையில் முதலில் நட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, படுகையில மட்டும் எடுப்பா, கல்லுக்கு மேல வாளி படாம பாத்துக்க" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்த வாளியைக் கையாளும் திறமை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த தொல்லை கடலூருக்கே உரியது. வெட்டிவேரின் விலை தெரிந்த ஊரில் அதைப் பொதுஇடத்தில் நட்டால், பங்குனி வெயில் ஏறியதும் பானைக்கு ஒரு பிடி வேர் என்று ஆளுக்கொரு தூரைத் தோண்டுவார்கள். விற்பதற்காக வரிசையோடு பிடுங்கியதும் நடந்திருக்கிறது. ஒரு தூரைத் தோண்ட எடுக்கும் குழி, மழையில் ஓர் ஓடையின் வாயாகிவிடும். அறிவிப்புப் பலகைக்கு இதில் பயன் இல்லை. இப்போது சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் மணல் நிரப்பிய பழைய சாக்குகளில் சில தூர்களைத் தனியாக வளர்த்து, வேர் வேண்டுபவர்கள் அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். சாக்கைக் கிழித்தால் வேர் மண்ணில்லாமல் முழுதாக வருவதால், கரையைத் தோண்டும் ஆசை தானாகக் குறைந்தது.

பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானது. எந்தப் புதர் வளர்ந்தாலும் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். மறுத்துப் பேசுவதைவிட அறுத்துவிடுவது நல்லது. புரட்டாசியில் ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்தால் தூர் பருத்து, மழைநீரின் வேகத்துக்கு வளையாமல் நிற்கும். பொங்கல் கழிந்து மறுபடி ஒரு முறை அறுத்தால் கோடையில் காய்ந்த தாளில் பீடி நெருப்பு விழுந்து பற்றும் ஆபத்து குறையும். அறுத்த தாள் தென்னைக்கும் மரக்கன்றுக்கும் நல்ல மூடாக்கு. மாட்டுக்காரர்கள் இளந்தாளை மட்டும் ஏற்பார்கள். தெருமுனைகளிலும் வளைவுகளிலும் வெட்டிவேரை நடவே வேண்டாம். அறுக்கத் தவறிய ஒரு பருவத்தில் அது ஆள் உயரம் வளர்ந்து எதிரே வரும் வண்டியை மறைத்துவிடும்.

வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. புங்கமும் வேம்பும் கூடி நிற்கும் கரையில் நட்டால் இரண்டாம் ஆண்டில் மெலிந்து, மூன்றாம் ஆண்டில் காணாமல் போகும். அங்கே நாற்றங்கால்களில் 'பஃபலோ' என்று விற்கும் அகன்ற இலைப் புல் ஓரளவு தாங்குகிறது. திறந்த வெயில் படும் தட்டையான இடங்களுக்கு அருகம்புல்லை விஞ்ச ஒன்றுமில்லை. மிதித்தாலும், காய்ந்தாலும், ஓரளவு உப்புநீர் ஏறினாலும் அது மீண்டு வரும். மேல்மண்ணை வலைபோட்டுப் பிடிக்கும். ஆனால் சரிவைத் தைத்து நிறுத்தும் ஆழம் அதற்கில்லை. ஆகவே வெட்டிவேர் வரிசைகளுக்கு இடைப்பட்ட மண்ணை மூட அதைப் பயன்படுத்துகிறேன். சதுரம் சதுரமாக வெட்டி வந்து விரிக்கும் கொரியன் புல்லைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. அடியிலிருக்கும் இறுகிய செம்மண்ணைக் கொத்தாமல் அதன்மேல் விரித்துவிட்டு, கோடை முழுக்கக் குடிநீரை ஊற்றி வளர்க்கிறார்கள். மழை வந்தால் தண்ணீர் அந்தப் பச்சை விரிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கே போகிறது. வைத்தே தீருவேன் என்பவர்களிடம், விரிக்கும் முன் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, மட்கிய எருவும் ஆற்றுமணலும் கலக்கச் சொல்கிறேன்.

வாகன நிறுத்தத்தில் துளை வைத்த கான்கிரீட் கட்டங்களைப் பதித்து, துளைகளில் அருகம்புல் வளர்ப்பது வந்துபோகும் வண்டிகளுக்குப் பொருத்தம். நாள் முழுக்கக் கார் நின்றே கிடக்கும் இடத்தில் புல் செத்து, துளைகளில் வெறும் மண் மிஞ்சும். அங்கே சிறுஜல்லியை நிரப்பிவிடலாம், தண்ணீர் இறங்குவதுதானே நமக்குத் தேவை. கட்டத்துக்கு அடியில் சிமென்ட் கலவை போட்டுவிட்டால் எல்லாம் வீண். கொத்தனார்கள் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். அன்று பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கடலோரத்துக்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. மணல்மேட்டில் தானாக வளரும் ராவணன் மீசையும் அடம்புக் கொடியும் பறக்கும் மணலைப் பிடித்து மேட்டைக் கட்டுபவை. ராவணன் மீசையின் முள்நுனி காலைக் குத்தும் என்று, கடற்கரையை அழகுபடுத்தும்போது முதலில் அதைத்தான் அகற்றுகிறார்கள். நடைபாதையை மணல்மேட்டுக்குள் கொண்டுபோகாமல் அதன் உட்புறமாக அமைத்து, மேட்டை வேலியிட்டு அப்படியே விட்டுவிட்டால், நடவுச் செலவே இல்லாமல் வேலை நடக்கும்.

வீட்டுக் கழிவுநீரைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர், செடிகள் நட்ட ஜல்லிப் படுகை வழியாகவும் சுத்திகரிக்கப்படுகிறது. அதே தத்துவத்தைக் குளியலறை, சமையலறை நீருக்குச் சிறிய அளவில் செய்யலாம். இரண்டடி ஆழத் தொட்டியில் ஜல்லி நிரப்பி, வெட்டிவேரோ நாணலோ நட்டு, நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு நாலு விரல் கீழேயே நிற்கும்படி வெளியேறும் குழாயை வளைத்து வைக்க வேண்டும். நீர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கொசுவுக்கும் தெரியாது. சமையலறை நீர் எண்ணெய் பிரிக்கும் சிறு தொட்டியைக் கடந்த பிறகே ஜல்லிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் ஜல்லியை அடைத்து, நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டுக் கதவைத் தட்டுவார். எண்ணெய்த் தொட்டியை வாரம் ஒரு முறை வழிக்க மனமில்லாத வீட்டில் இதை அமைக்காமல் இருப்பதே நல்லது.

செலவுக் கணக்கில் நடவை மட்டும் எழுதி, அறுப்பையும் இடைவெளி நிரப்பலையும் விட்டுவிடுவது எல்லாச் சங்கங்களிலும் நடக்கிறது. என் மதிப்பீட்டுத் தாளில் இப்போது மூன்று ஆண்டு அறுப்புக் கூலியையும் சேர்த்தே எழுதுகிறேன். தொகை பெரிதாகத் தெரிவதால் சில வேலைகள் கைநழுவிப் போகின்றன. ஏற்றுக்கொண்ட நகர்களில், அறுக்கும் பொறுப்பைத் தெருவிலேயே உள்ள மகளிர் குழுவிடம் கொடுக்கச் சொல்கிறேன். தூர் பருத்ததும் வரிசைக்கு வெளியே துருத்தும் ஓரக்கிளைகளைக் கழித்து, பையில் வைத்து, அடுத்த நகருக்கு நாற்றாக விற்கும் உரிமையும் அந்தக் குழுவுக்கே. நன்கு வளர்ந்த ஒரு தூர் இருபது, முப்பது நாற்று வரை தரும். அப்படி வாங்க வருபவர்கள், நாற்றில் பூங்கதிர் இருக்கிறதா என்று பார்த்து, அது முளைக்கும் விதை தரும் வடநாட்டு வகையல்ல என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். மூலத்தூர் கடலூர்க் கடலோரத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால், நகக்கீறல் சோதனை மட்டும் போதும்.